மன இறுக்கத்தைக் கையாளுதல்: டில்லிப் பள்ளிகள் தரும் பாடம்

ஒரு நாட்டின் வளர்ச்சியை உணவு உற்பத்தி, மின்சாரம், சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். ஆனால் அந்தச் சாலையைப் போடுபவரும், பள்ளியில் பயில்பவரும், மருத்துவமனையில் பணிபுரிபவரும் எத்தகைய மனநிலையில் வாழ்கின்றனர் என்ற கேள்வி வளர்ச்சித் திட்டங்களில் நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்து வந்தது. நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையாக இருத்தலே நலம் என்னும் கருத்தை உலக சுகாதார நிறுவனம் 1948 ஆம் ஆண்டிலேயே தனது அமைப்புச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இந்தியா தேசிய மனநலத் திட்டத்தை 1982 ஆம் ஆண்டில் தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் நடைமுறைக்கு வந்தது.

தேவையின் அளவை 2015-16 ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநல ஆய்வு எடுத்துக்காட்டியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வயது வந்தோரில் 100க்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்து வந்தனர். 13 முதல் 17 வயது வரை உள்ளோரிடையே இந்த விகிதம் 7.3 விழுக்காடு. குறைபாடு உடையோரில் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. இத்துணை பேருக்கும் மனநல மருத்துவர்களை மட்டுமே கொண்டு உதவி அளிப்பது எளிதில் இயலக்கூடியதன்று. மருத்துவப் பட்டம் இல்லாதோரும் கற்றுக்கொண்டு, பிறருக்குக் கற்பிக்கத்தக்க எளிய உளவியல் முறைகள் உண்டா? அவை உண்மையில் பயன் தருமா? டில்லி அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றைத் தந்துள்ளது.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். தமிழில் "மன அழுத்தம்" என்ற சொல் இரு வேறு நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. தேர்வு, வேலைச் சுமை, குடும்பக் கடன் போன்ற நெருக்கடிகளின் முன் ஏற்படும் இறுக்கம் ஒன்று. வாரக் கணக்கில் நீடிக்கும் துயரமும், எதிலும் நாட்டமின்மையும், உறக்கக் கேடும் சேர்ந்த நோய்நிலை மற்றொன்று. இக்கட்டுரையில் முன்னது மன இறுக்கம் என்றும், பின்னது மனச்சோர்வு என்றும் குறிக்கப்படுகின்றன. இறுக்கம் யாவருக்கும் வருவது, அதுவே நோயாகிவிடாது. ஆனால் நீண்ட நாள் தணியாத இறுக்கம் நோய்க்கு வழிவகுக்கக்கூடும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் இருவகைத் தீங்கு நேர்கிறது. சாதாரணக் கவலை உடையவர் தம்மை நோயாளி என எண்ணி அஞ்சுகிறார். உண்மையில் சிகிச்சை தேவைப்படுபவரோ, "எல்லோருக்கும் உள்ளதுதானே" என்று தட்டிக் கழிக்கப்படுகிறார்.

உடலில் நிகழ்வது என்ன?

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், ஆபத்தைக் கண்ட விலங்கு எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ தன் உடலை ஆயத்தம் செய்துகொள்வதை 1915 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். இதயத் துடிப்பு விரைவு பெறும், மூச்சு வேகமாகும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 1936 இல் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளின் முடிவை வெளியிட்டார். குளிர், காயம், நச்சுப்பொருள் என இடையூறுகள் வெவ்வேறாயினும் உடல் காட்டும் மறுவினை பெரிதும் ஒன்றாகவே இருந்தது. முதலில் எச்சரிக்கை நிலை, அடுத்துத் தாக்குப்பிடிக்கும் நிலை, இடையூறு நீங்காவிடில் இறுதியில் களைத்து வீழும் நிலை என அவர் மூன்று கட்டங்களைக் கண்டார்.

காட்டில் புலியைக் கண்டவனுக்கு இந்த ஏற்பாடு உயிர் காப்பது. புலி அகன்றதும் உடலும் தணிந்துவிடும். ஆனால் தேர்வும், வாடகை பாக்கியும், மேலதிகாரியின் கோபமும் சில நிமிடங்களில் அகன்று போவன அல்ல. அவற்றுடன் போரிடவும் முடியாது. ஓடித் தப்பவும் முடியாது. நாள்தோறும் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருப்பின், உறக்கமும் செரிமானமும் கவனமும் கெடுகின்றன.

மதிப்பீட்டின் பங்கு

ஒரே தேர்வு, ஒரே வகுப்பு; ஆயினும் ஒரு மாணவர் கலங்குகிறார், மற்றொருவர் கலங்குவதில்லை. இதனை விளக்க ரிச்சர்டு லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகிய உளவியலறிஞர்கள் 1984 இல் வெளியிட்ட நூல் பெரிதும் உதவியது. நெருக்கடியின் முன் மனிதர் இரு கேள்விகளைத் தம்மை அறியாமலே கேட்டுக்கொள்கின்றனர். இதனால் எனக்கு என்ன தீங்கு நேரும் என்பது முதற் கேள்வி. இதனைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. தீங்கு பெரிதாகவும் கையிருப்பு சிறிதாகவும் தோன்றும்பொழுது இறுக்கம் எழுகிறது.

சமாளிக்கும் முறைகளையும் அவர்கள் இரண்டாகப் பகுத்தனர். பிரச்சினையையே மாற்ற முயல்வது ஒன்று. பிரச்சினையால் எழும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. மாற்றக்கூடியதை மாற்றவும், மாற்ற இயலாததைத் தாங்கவும், இவ்விரண்டையும் பிரித்தறியவும் கற்பதே உளவியல் முறைகளின் அடிப்படை எனலாம்.

டில்லிப் பள்ளிகளில் ஒரு சோதனை

டில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் மாணவியரும் பிற்பகலில் மாணவரும் பயில்கின்றனர். வகுப்பில் நெருக்கம் மிகுதி. மாணவர் பலரின் பெற்றோர் கூலி வேலை, சிறு வியாபாரம், வீட்டு வேலை ஆகியவற்றால் வாழ்பவர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் பிள்ளையின் எதிர்காலத்தை மட்டுமின்றிக் குடும்பத்தின் நம்பிக்கையையும் தாங்கி நிற்கின்றன.

இத்தகைய சூழலில், கோவாவில் 1996 இல் தொடங்கப்பெற்ற சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், டில்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில் ஓர் ஆய்வை 2018 இல் மேற்கொண்டனர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற 250 மாணவ மாணவியர் இதில் பங்கு பெற்றனர். அனைவரும் மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் அவர்கள் இரு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். பிரச்சினைகளைத் தீர்க்கும் முறையைப் படக்கதைகள் வழியாக விளக்கும் சிறு புத்தகங்கள் இரு பிரிவினருக்கும் தரப்பட்டன. ஒரு பிரிவினர் கூடுதலாக, பள்ளியிலேயே ஓர் ஆலோசகரை நேரில் சந்தித்து, சுமார் மூன்று வாரங்களில் நான்கு அல்லது ஐந்து அமர்வுகளில் அந்த முறையைப் பயின்றனர். இந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் அல்லர். இப்பணிக்கெனப் பயிற்சி பெற்று, தொடர்ந்த மேற்பார்வையில் பணியாற்றியவர்கள்.

சோதனை காட்டியது

ஆறு வாரங்களுக்குப் பின் இரு அளவுகோல்கள் பயன்படுத்தப்பட்டன. பல நாடுகளில் வழங்கும் பொதுவான வினாப்பட்டியல் மூலம் மன அறிகுறிகள் அளக்கப்பட்டன. மாணவர் தாமே பெயரிட்டுக் கூறிய முதன்மைப் பிரச்சினைகளின் கடுமை அவர்களையே கொண்டு மதிப்பெண் இடச் செய்து அளக்கப்பட்டது.

பொது அறிகுறிகளைப் பொறுத்தவரை இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மாணவர் தாமே கூறிய பிரச்சினைகளின் கடுமை, ஆலோசகரைச் சந்தித்த பிரிவினரிடையே கூடுதலாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டாவது வாரத்திலும் அந்த வேறுபாடு நிலைத்தது. 2020 இல் இம்முடிவுகள் வெளியாயின. ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்து 2021 இல் வெளியிடப்பட்ட அறிக்கையில், பிரச்சினைகளின் கடுமையில் கிடைத்த பயன் நீடித்ததுடன், பொது அறிகுறிகளிலும் சிறிய அளவிலான நன்மை தென்பட்டது.

இம்முடிவை மிகைப்படுத்தவும் கூடாது, புறக்கணிக்கவும் கூடாது. எதிர்பார்த்த பயன்களுள் ஒன்று உடனடியாகக் கிட்டவில்லை என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஒப்பிடப்பட்ட பிரிவினரும் வெறுங்கையுடன் இருக்கவில்லை. அவர்களிடமும் புத்தகங்கள் இருந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தன் பிரச்சினை சற்று இலகுவானதாகத் தோன்றுவது முதலில் நிகழ்கிறது. உறக்கமும் உற்சாகமும் அதன்பின் மெல்லத் திரும்பக்கூடும். நிர்வாகிகளுக்கு இதில் ஒரு குறிப்பும் உண்டு. ஆறு வாரத்தில் ஒரே அளவுகோலைக் கொண்டு தீர்ப்புக் கூறியிருந்தால், ஓராண்டில் தெரிந்த பயன் கணக்கில் வராமலே போயிருக்கும்.

மூன்று படிகள்: ஓர் எடுத்துக்காட்டு

இந்தப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட முறை மூன்று படிகளைக் கொண்டது: பிரச்சினையைத் தெளிவாகக் கூறுதல், வழிகளை ஆராய்தல், தேர்ந்த வழியைச் செய்து பார்த்தல். இதன் வேர், டிசூரில்லா, கோல்ட்ஃபிரைடு என்னும் இரு அமெரிக்க உளவியலறிஞர்கள் 1971 இல் எழுதிய கட்டுரையில் உள்ளது.

முறையை விளங்கிக்கொள்ளக் கிழக்கு டில்லியில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து கொள்ளலாம். "என்னால் படிக்க முடியவில்லை, நான் தேற மாட்டேன்" என்கிறாள் அவள். இவ்வாறு கூறப்படும் பிரச்சினைக்குத் தீர்வு இல்லை. ஏனெனில் அது பிரச்சினையன்று, தீர்ப்பு. எப்பொழுது, எங்கே, எந்தப் பாடம் எனக் கேட்கும்பொழுது வேறு சித்திரம் தோன்றுகிறது. ஒரே அறை உள்ள வீட்டில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை தொலைக்காட்சி ஓடுகிறது. தண்ணீர் வண்டி வந்ததும் குடங்களுடன் வரிசையில் நிற்பதும் அவள் பொறுப்பே. கணக்குப் பாடத்திற்கு அன்றாடம் ஒரு மணி நேரமும் கிடைப்பதில்லை. இப்பொழுது பிரச்சினை ஒரு வடிவம் பெற்றுவிட்டது.

இரண்டாம் படியில், நல்லது கெட்டது பாராமல் முதலில் எல்லா வழிகளும் எழுதப்படுகின்றன. பள்ளி முடிந்ததும் நூலகத்தில் தங்கலாம். விடியற்காலையில் எழலாம். தோழியின் வீட்டில் படிக்கலாம். ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துமாறு தந்தையைக் கேட்கலாம். தண்ணீர் பிடிக்கும் முறையைத் தம்பியுடன் பகிர்ந்துகொள்ளலாம். பின்னர் ஒவ்வொன்றின் சாதகமும் பாதகமும் எடைபோடப்படுகின்றன. பிற்பகலில் மாணவர் பள்ளி தொடங்கிவிடுவதால் நூலகம் உதவாது. விடியற்காலை காலைப் பள்ளியுடன் மோதுகிறது. தம்பியுடன் முறை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோழியின் வீட்டிற்குச் செல்வது இயலக்கூடியதாகத் தெரிகிறது.

மூன்றாம் படி செயல். என்று தொடங்குவது, யாரிடம் எப்படிக் கேட்பது, தம்பி மறுத்தால் என்ன செய்வது என்பன முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகின்றன. ஒரு வாரத்திற்குப் பின் பயன் சரிபார்க்கப்படுகிறது. திட்டம் வெற்றி பெறாவிடில் அது மாணவியின் தோல்வியாகக் கருதப்படுவதில்லை. பட்டியலில் அடுத்த வழி சோதிக்கப்படுகிறது. இங்கு ஆலோசகர் ஒருபொழுதும் விடை கூறுவதில்லை என்பது முக்கியம். அறிவுரை ஒரு பிரச்சினையைத் தீர்க்கலாம். மாணவி தானே படிகளைக் கடந்து பழகினால், அடுத்து வரும் பிரச்சினைக்கும் அப்பழக்கம் துணை நிற்கும்.

எண்ணம், செயல், மூச்சு

எல்லாப் பிரச்சினைகளும் தீர்க்கத்தக்கன அல்ல. நோயுற்ற தாய், இறந்துபோன தந்தை, முன்பே எழுதி முடித்த தேர்வு ஆகியவற்றை எந்தப் பட்டியலும் மாற்றாது. அங்கே வேறு முறைகள் உதவுகின்றன.

முதலாவது, எண்ணத்தைச் சோதித்தல். மனச்சோர்வு உடையோரின் சிந்தனையில் "எப்பொழுதும்", "ஒருபொழுதும்", "எல்லோரும்" என்பன போன்ற முடிவான சொற்கள் மலிந்திருப்பதையும், அவற்றைச் சான்று கேட்டுச் சோதிப்பதால் துயரம் குறைவதையும் 1960களில் ஆரன் பெக் எடுத்துக்காட்டினார். "ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது" என்பது செய்தி. "நான் எதற்கும் உதவாதவன்" என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட முடிவு.

இரண்டாவது, செயலால் மனத்தை எழுப்புதல். சோர்ந்தவர் உற்சாகம் வந்தபின் செயல்படலாம் எனக் காத்திருக்கிறார். செயல் குறைவதால் உற்சாகம் மேலும் குறைகிறது. இந்தச் சுழலை உடைக்க, மகிழ்ச்சியோ நிறைவோ தரும் சிறு செயல்கள் நாட்குறிப்பில் நேரமிட்டு எழுதப்படுகின்றன. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2017 இல் வெளியிடப்பட்டது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் உதவி அளித்தனர். மூன்று மாதங்களில், அந்த உதவி பெற்றோரில் 64 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினரும் கடும் மனச்சோர்விலிருந்து விடுபட்டிருந்தனர்.

மூன்றாவது, உடலைத் தணித்தல். தசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் நூலாக வெளியிட்டார். மெதுவாக மூச்சை இழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுவது யாவருக்கும் இயலும். டில்லி அரசு 2018 ஜூலையில் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்காக அறிமுகப்படுத்திய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில், கவனத்தை மூச்சின்மீதும் சுற்றுப்புற ஒலிகளின்மீதும் நிறுத்தும் பயிற்சி இடம்பெற்றது. இத்தகைய பயிற்சிகள் பிரச்சினையைத் தீர்ப்பனவல்ல. தீர்க்கும் அளவுக்கு மனத்தை நிதானப்படுத்துவன.

அலுவலகத்திற்கும் இதே கணக்கு

மன இறுக்கம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. பொறுப்பு மிகுந்த மேலதிகாரிகளே மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்பது பரவலான நம்பிக்கை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967 இல் தொடங்கிய ஆய்வு இந்த நம்பிக்கைக்கு மாறான முடிவைத் தந்தது. படிநிலை தாழத் தாழ, இதய நோயால் இறப்போர் விகிதம் உயர்ந்தது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985 இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 10,308 ஊழியர்கள் பங்கேற்றனர். தமது வேலையின்மீது தமக்கு எவ்வளவு ஆளுகை உண்டு என்பது நலத்தைப் பெரிதும் பாதிக்கும் காரணங்களுள் ஒன்று என அது காட்டியது. வேலைச் சுமை மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்திருக்கும் இடத்தில் இறுக்கம் மிகும் என்று ராபர்ட் கராசெக் 1979 இல் கூறியதும் இதனுடன் ஒத்துப்போகிறது.

ஆகவே, கோப்புகளின் நடுவே மூச்சுத் திணறும் எழுத்தருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கற்பிப்பது போதாது. எந்தக் கோப்பு முதலில், எது நாளை என்பதைத் தெளிவாகக் கூறும் மேலதிகாரி, தம் ஊழியரின் இறுக்கத்தில் ஒரு பகுதியைச் செலவின்றியே நீக்கிவிடுகிறார். தண்ணீர்க் குழாய் தெருவிற்கு வந்தால், மேற்கூறிய மாணவிக்கு எந்த ஆலோசகரும் கற்பிக்காமலே ஒரு மணி நேரம் மிச்சமாகும். உளவியல் முறைகள் நிர்வாகத்தின் கடமைக்கு மாற்று ஆகா.

எல்லைகள்

இம்முறைகளுக்கு எல்லை உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், உணவிலும் உறக்கத்திலும் பெருமாற்றம், படிப்பையோ பணியையோ தொடர இயலாமை, தற்கொலை எண்ணம் ஆகியவை தென்படின் மருத்துவரை நாடுவதே முறை. தற்கொலை பற்றி அக்கறையுடன் நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டும் என்பது தவறான அச்சம். கேட்பதே உதவியின் தொடக்கம். 2022 அக்டோபர் 10 அன்று மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. டில்லியில் தில்ஷாத் கார்டனில் உள்ள மனித நடத்தை மற்றும் அதன் சார்பு அறிவியல் நிறுவனமும், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சிகிச்சை அளிக்கின்றன.

செய்யத்தக்கவை

டில்லி அனுபவத்திலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பயிற்சியும் மேற்பார்வையும் அமைந்தால், மனநல நிபுணர் அல்லாத ஆலோசகர்களும் பயன்தரும் உதவியை அளிக்க முடியும். மேற்பார்வையை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் நடத்துவது சிக்கனமன்று. இரண்டாவதாக, உதவி மாணவர் இருக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும்; மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் பிள்ளை பள்ளியின் ஓர் அறைக்குள் வரத் தயங்குவது குறைவு. மூன்றாவதாக, பிரச்சினை எது என்பதை உதவி பெறுபவரே கூற வேண்டும். நான்காவதாக, தேர்வு முடிவு வெளியாகும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அந்நாட்களுக்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்ய முடியும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 முதல் தேர்வுக் கால ஆலோசனைச் சேவையை நடத்தி வருவது இதற்கு முன்மாதிரி.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்தது. ஆணை நிறைவேறப் பணியிடம் வேண்டும், நிதி வேண்டும். அவற்றுடன், ஆலோசகரின் அறைக்குள் வரும் பிள்ளையைப் பார்த்து மற்றவர் சிரிக்காத பள்ளியும் வேண்டும். முதல் இரண்டும் அரசின் கையில் உள்ளன. மூன்றாவது ஒவ்வொரு தலைமையாசிரியரின் கையிலும், ஒவ்வொரு வகுப்பின் கையிலும் உள்ளது.